கல்வராயன் மலையிலிருந்து கடல் வரை: நண்பர்களோடு ஒரு பயணம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே வானத்தின் விளிம்பில் நீண்டு கிடக்கும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கல்ராயன் மலை என்றும் இதைச் சொல்வார்கள். ஏறக்குறைய 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலை 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரை உயர்ந்து நிற்கிறது. வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், தெற்கே உயரமாக இருப்பது பெரிய கல்வராயன். கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலும் மலை பரவியிருக்கிறது. ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்ந்து காவிரிப் படுகையையும் பாலாற்றுப் படுகையையும் பிரித்து வைப்பது இதுதான்.

ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் கிடைத்த பெயர் இந்த மலைக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் இங்கே கோடைக்கால ஊர் எதையும் அமைக்கவில்லை. தேயிலைத் தோட்டமோ மலை ரயிலோ வரவில்லை. அதனாலேயே மலை மலையாக இருக்கிறது. சேலம், விழுப்புரம், புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து இளைஞர்கள் கடந்த சில ஆண்டுகளாக வார இறுதிகளில் பைக்கிலும் வேனிலும் இங்கே வரத் தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலோர் ஓர் அருவியில் குளித்து, ஒரு வளைவில் நின்று படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பகுதி தரக்கூடியதில் பத்தில் ஒரு பங்குகூட அப்படிப் போகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஒரே பயணத்தில் கடலும் வேண்டும், கிராமமும் வேண்டும், மலையும் வேண்டும் என்று நினைக்கும் நண்பர் கூட்டங்கள் இப்போது தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் விமானம் ஏறுகின்றன. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றின் போக்கிலேயே இறங்கினால் அதே அமைப்பு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோமுகியும் மணிமுத்தாறும் இந்த மலையில் பிறந்து, கள்ளக்குறிச்சிச் சமவெளியில் வயலுக்குப் பாய்ந்து, ஒன்றாகச் சேர்ந்து விருத்தாசலம் வழியே போய் வெள்ளாற்றில் கலக்கின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் சேர்கிறது. மேட்டிலிருந்து முகத்துவாரம் வரை மூன்று நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

போய்ச் சேரும் வழி எளிது. சேலத்தையும் உளுந்தூர்பேட்டையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் கள்ளக்குறிச்சி இருக்கிறது. சென்னையிலிருந்து வருவோர் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் வழியாக வரலாம். ரயிலில் வருவோர் விருத்தாசலம் - சேலம் பாதையில் உள்ள சின்னசேலத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து கள்ளக்குறிச்சி சுமார் 16 கி.மீ. மலைக்கு ஏற முக்கியமான வழிகள் இரண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குப் போவது ஒன்று. சேலம் மாவட்டத்திலிருந்து கருமந்துறைக்கு ஏறி, அங்கிருந்து மலை மேலேயே வெள்ளிமலைக்கு வருவது இன்னொன்று. ஒரு வழியில் ஏறி மறு வழியில் இறங்குவது பலருக்குப் பிடிக்கும். கடலை நோக்கிப் போகிறவர்கள் கருமந்துறையில் தொடங்கிக் கச்சிராயபாளையத்தில் இறங்குவது நல்லது. பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மேலே பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது.

எப்போது போவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மே மாதத்தில் கரியாலூர்ப் பக்கம் கோடை விழா நடக்கும். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அருவியில் குளிக்கக் கிளம்பி வருவார்கள். ஆனால் இங்குள்ள அருவிகள் மழையை நம்பியவை. பிப்ரவரிக்குப் பிறகு நீர் குறைந்து, கோடையில் பாறையில் ஒரு கோடாக வழியும். தென்மேற்குப் பருவமழையின் கடைசியிலிருந்து வடகிழக்குப் பருவமழை முடியும் வரை, அதாவது ஆகஸ்டு கடைசி முதல் ஜனவரி வரைதான் மலை பசுமையாக இருக்கும், அருவிகளும் ஓடும். அதிலும் அக்டோபர், நவம்பரில் கனமழை எச்சரிக்கை உள்ள நாட்களைத் தவிர்த்துவிட வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரையிலான காலம் எல்லா வகையிலும் பொருத்தமானது. தண்ணீரும் இருக்கும், வழுக்கலும் குறைந்திருக்கும், சாமையும் கேழ்வரகும் வீடு வந்திருக்கும்.

கருமந்துறையில் தமிழக அரசின் பெரிய தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. மா, பலா, கொய்யா, சப்போட்டா என்று பழமரங்கள் ஏக்கர் கணக்கில் நிற்கும் இடம். இந்தப் பண்ணையில் வளரும் கன்றுகள் சமவெளித் தோட்டங்களுக்குப் போகின்றன. அங்கிருந்து வெள்ளிமலைக்கு வரும் சாலையில் அவசரப்படாமல் வண்டி ஓட்டினால் மலையின் அமைப்பு புரியும். அடிவாரத்தில் முள்ளும் புதரும். 400 மீட்டருக்கு மேல் இலையுதிர் காடு. அதற்கும் மேலே மேட்டுநிலம், புல்வெளி, பள்ளத்தில் சோலைக்காட்டின் மிச்சம். மேட்டுநிலத்தில் மரவள்ளியும் சாமையும், தண்ணீர் நிற்கும் பள்ளங்களில் நெல்லும் பயிராகும். காட்டெருமையும் கரடியும் இருக்கும் காடு இது. மாலை மங்கிய பிறகு மலைச்சாலையில் பைக் ஓட்டுவது நல்லதல்ல என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதற்கு வளைவுகள் மட்டும் காரணமில்லை.

கரியாலூரில் படகுக் குழாமும் பூங்காவும் உண்டு. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது போதும். நண்பர்கள் தேடி வருவது அருவிகளை. பெரியார் அருவி வெள்ளிமலைக்குப் பக்கத்தில், வண்டியில் எளிதாகப் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருப்பதால் எப்போதும் கூட்டம் இருக்கும். மேகம் அருவி அப்படியல்ல. காட்டுக்குள் நடக்க வேண்டும், பாறை ஏறி இறங்க வேண்டும், வழி தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். இவை தவிர எட்டியாறு, சிறுக்கலூர், பண்ணியப்பாடி, கவியம் என்று ஊர்ப் பெயரையும் ஓடைப் பெயரையும் தாங்கிய அருவிகள் பல உண்டு. எண்ணிக்கைக்காக ஒரே நாளில் நான்கு அருவிக்கு ஓடுவதைவிட ஒன்றில் அரை நாள் இருப்பது மேல்.

அருவியில் இருக்கும் ஆபத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆத்தூருக்குப் பக்கத்தில், கல்வராயன் மலையின் சேலம் மாவட்ட அடிவாரத்தில், முட்டல் ஏரியும் ஆணைவாரி அருவியும் இருக்கின்றன. 2021 அக்டோபரில் அங்கே திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. கைக்குழந்தையோடு ஒரு தாய் பாறை ஓரத்தில் சிக்கிக்கொண்டார். அங்கிருந்தவர்கள் கயிறு கட்டி, உயிரைப் பணயம் வைத்துத் தாயையும் பிள்ளையையும் மீட்டார்கள். மீட்டவர்களில் இருவர் வழுக்கி நீரில் விழுந்து நீந்திக் கரையேறினார்கள். அந்தக் காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது, முதலமைச்சர் பாராட்டினார். அருவிக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும், சில கிலோமீட்டர் தள்ளி மலையுச்சியில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். நீர் செம்மண் நிறமாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே கரையேறிவிட வேண்டும். படம் எடுத்துவிட்டு ஏறலாம் என்று நிற்கக் கூடாது. பாறைக்கடியில் ஆழம் தெரியாத மடுக்களில் குதிப்பதும் அப்படித்தான். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இந்த மடுக்கள் ஆபத்தானவை. கிணற்றில் கற்ற நீச்சல் பாறைச் சுழலுக்கு உதவாது.

காட்டுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு போதும், ஒரு சரிவே எரிந்துவிடும். அனுமதி கேட்பதைத் தொல்லை என்று நினைக்காமல், வனக் காவலரையோ ஊர்க்காரர் ஒருவரையோ கூலி கொடுத்துக் கூட அழைத்துப் போவதே முறை. வழிகாட்டுகிறவருக்கு ஒரு நாள் வருமானம் கிடைக்கும். கூட்டத்துக்கு மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் தெரியவரும்.

இந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலை எல்லாவற்றிலும் இவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர்க்கவுண்டர், பல ஊர் சேர்ந்த நாட்டுக்கு ஒரு தலைவர் என்று பழைய அமைப்பு இன்னும் மதிக்கப்படுகிறது. கரிராமன் இவர்களுடைய பெருந்தெய்வம். திருவிழாக்களில் சேர்வையாட்டம் ஆடுவார்கள். மலையில் ஆங்காங்கே பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளும் காணப்படுகின்றன. மலையில் மனிதர் வாழ்ந்த காலத்தின் ஆழத்தை அவை காட்டுகின்றன.

வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வரலாறு இந்த மலைக்கு உண்டு. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் கல்வராயனின் பெரும்பகுதி இருந்தது. விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று ஜாகீர்தார்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் ஆட்சியிலும் அது தொடர்ந்தது. 1947இல் நாடு விடுதலை பெற்றது, 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது, ஜமீன்கள் ஒழிந்தன. இந்த மலையில் மட்டும் ஜாகீர் ஒழியவில்லை. மலைமக்கள் ஜாகீர்தாருக்கு வரி கொடுத்தார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976 ஜூனில்தான் அரசு மலையைத் தன் நேரடி நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பிறகு 29 ஆண்டுகள்! வாக்குரிமை கிடைத்ததும் 1996இல்தான் என்று பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் சொல்லப்பட்டது.

அந்த வழக்கின் பின்னணி துயரமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண் போனவர்களும் உண்டு. அதைத் தொடர்ந்து, கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலையை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவமனை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று ஒவ்வொன்றையும் பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. சுற்றுலா வருகிறவர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் மண்பாதையில்தான் பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பாதையைப் பார்க்க வேண்டும். விளைச்சல் இல்லாத மாதங்களில் ஆண்களும் பெண்களும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியிலோ தாத்தா பாட்டியிடமோ இருப்பார்கள். 2019 நவம்பர் 26ஆம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதும், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டம் உருவானதும் நல்ல மாற்றங்கள். முன்பெல்லாம் ஒரு கையெழுத்துக்கு விழுப்புரம் வரை போக வேண்டியிருந்தது.

சாராயம் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். நண்பர் கூட்டம் என்றாலே பாட்டில் என்று ஆகிவிட்டது. அருவிக் கரைகளில் உடைந்து கிடக்கும் கண்ணாடி, செருப்பில்லாமல் நடக்கும் மலைப் பிள்ளைகளின் காலைக் கிழிக்கிறது. ஆடு மாடுகளின் காலையும் கிழிக்கிறது. குடித்துவிட்டு மடுவில் இறங்குகிறவர் தன் உயிரோடு, தூக்க வருகிறவர் உயிரையும் ஆபத்தில் வைக்கிறார். மலையில் யாராவது சாராயம் தருவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது காய்ச்சியவருக்கே தெரியாமல் போகலாம். கருணாபுரம் நடந்த மாவட்டத்தில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மலையில் வாங்க வேண்டியவை வேறு. சாமை, தினை, கேழ்வரகு, புளி, தேன், பலா, மிளகு, கடுக்காய். சித்த மருத்துவத்தில் கடுக்காய்க்குப் பெரிய இடம் உண்டு. கல்வராயன் கடுக்காய் நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. புளியையும் கடுக்காயையும் மலைமக்கள் பொறுக்கிச் சேர்க்கிறார்கள், இடைத்தரகர் வாங்கிப் போகிறார், விலையின் பெரும்பங்கு கீழே நின்றுவிடுகிறது. வாரச்சந்தையில் அவர்களிடமே நேராக வாங்கினால் அந்தப் பங்கு மேலே தங்கும். பேரம் பேச வேண்டிய இடம் இதுவல்ல.

விளைபொருளே பயணிகளை இழுக்கும் இடங்களும் உண்டு. கம்போடியாவில் கெப் என்ற கடற்கரை ஊரும் அதையொட்டிக் கம்போட் என்ற நாட்டுப்புறமும் இருக்கின்றன. உலகமெங்குமிருந்து நண்பர் கூட்டங்கள் அங்கே கடலில் குளித்துவிட்டு மிளகுத் தோட்டம் பார்க்கப் போகின்றன. போர்க் காலத்தில் அழிந்துபோன கம்போட் மிளகு மீண்டும் பயிராகி, 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த அடையாளம் கிடைத்த பிறகு தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களாலும் விவசாயிக்கு வருமானம் வருகிறது. கல்வராயன் சாமைக்கும் தேனுக்கும் கடுக்காய்க்கும் இப்படியொரு நிலை வர என்ன தடை? பொருள் இருக்கிறது, மலை இருக்கிறது, வருகிறவர்களும் இருக்கிறார்கள். மலைமக்களின் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ நடத்தும் ஒரு கடையும், முறையாகப் பதிவு செய்த சில வீட்டுத் தங்கல்களும் இருந்தால், அருவிக்கு வருகிறவர் செலவழிக்கும் பணம் ஊருக்குள் போகும். இப்போது அது பெரும்பாலும் கீழே உள்ள லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் போகிறது.

மலையில் தங்கும் வசதி குறைவு. முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்யாமல் போனால் இரவில் கள்ளக்குறிச்சிக்கே இறங்க வேண்டியிருக்கும். சாப்பாடும் அப்படித்தான், சிறிய கடைகளில் காலையிலேயே சொல்லி வைத்தால் சாமைச்சோறும் கீரையும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைக்கலாம். பத்துப் பேர் திடீரென்று வந்து நின்றால் கடைக்காரர் என்ன செய்வார்? ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட கூட்டமே இந்த மலைக்குச் சரியான அளவு. ஒரு வேனில் அடங்கும், ஒரு திண்ணையில் உட்காரும். செலவுக்குப் பொதுப்பணம் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவதும், நடையில் பின்தங்குகிறவரோடு கடைசியாக வர ஒருவரை வைப்பதும் பழைய வழக்கங்கள். அவை தப்பாமல் உதவும். வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் இறைப்பது அவர்களைக் கையேந்தப் பழக்கும். கொடுக்க விரும்புகிறவர்கள் பள்ளி ஆசிரியரிடம் நோட்டுப் புத்தகமாகக் கொடுக்கலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. மலையில் குப்பை அள்ள லாரி வராது. கொண்டுபோன பையையும் தட்டையும் கீழே கொண்டுவருவது கொண்டுபோனவர் வேலை.

மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் முதலில் வருவது கோமுகி அணை. 1960களில் கட்டப்பட்ட இதன் உயரம் 46 அடி. சில கிலோமீட்டர் தள்ளி மணிமுத்தாற்றின் குறுக்கே இன்னொரு அணை இருக்கிறது. இந்த இரண்டு அணைகளும் நிரம்பினால் கள்ளக்குறிச்சி வட்டாரத்து நெல்லும் கரும்பும் பிழைத்தன. மலையில் காடு அழிந்தால் மழைநீர் நிற்காமல் மண்ணோடு ஓடிவந்து அணையில் வண்டலாகப் படியும், கொள்ளளவு குறையும். மேலே ஒரு நாள் நடந்துவிட்டு வந்து அணைக்கரையில் நிற்கிறவருக்கு இந்தத் தொடர்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அணையைத் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, மூங்கில்துறைப்பட்டில் மற்றொன்று. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு வரும்; இரவில் பின்விளக்கு இல்லாத டிராக்டரின் பின்னால் பைக்கில் வேகமாகப் போவது உயிருக்கு ஆபத்து. சின்னசேலம் பக்கம் மக்காச்சோளமும் மரவள்ளியும். அந்த மரவள்ளிக் கிழங்கு சேலம் மாவட்டத்து ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது.

கள்ளக்குறிச்சியில் நின்று பார்க்க வேண்டியது மரச்சிற்பம். கோயில் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் வேலை செய்த மரபில் வந்த கைவினைஞர்கள் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளில் கதவு, தூண், சாமி உருவங்கள், யானை, யாளி எல்லாம் உளி வேலையில் உருவாவதைப் பார்க்கலாம். முகத்துக்கு நுண்வேலை செய்வது மூத்த கைவினைஞர். இளையவர்கள் ஆடை மடிப்பும் பீடமும் செதுக்குவார்கள். சுற்றுலாக் கடையில் வாங்குவதைவிடப் பட்டறையில் வாங்கினால் செய்தவர் கைக்கே பணம் போகும்.

தியாகதுருகத்தில் சாலையை ஒட்டியே ஒரு பாறைக்குன்று எழும்பி நிற்கிறது. அதன் மேல் ஒரு கோட்டை. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மாறி மாறி முற்றுகையிட்ட இடம் அது. ஏறிப் பார்த்தால் ஏன் என்று புரியும்: நாலாபக்கமும் சமவெளி, மேற்கே கல்வராயன், எந்தத் திசையிலிருந்து படை வந்தாலும் தெரிந்துவிடும். காலை வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. நாடெங்குமிருந்து திருநங்கைகள் வந்து, கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழும் அந்த விழாவுக்குப் போகிறவர்கள் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. வழிபட வந்தவர்களுக்குரிய மரியாதை தர முடிந்தவர்கள் போகலாம்.

நண்பர்களாகப் போகிறவர்கள் சற்று வடக்கே விலகியாவது திருக்கோவிலூருக்குப் போக வேண்டும். உலகளந்த பெருமாள் கோயிலும், அட்டவீரட்டத் தலங்களில் ஒன்றான வீரட்டேசுவரர் கோயிலும் இங்கே உள்ளன. முதலாழ்வார்கள் மூவரும் ஒரு மழை இரவில் சிறிய இடைகழியில் சந்தித்துக்கொண்ட ஊர் என்று வைணவர்கள் போற்றுகிறார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்தக் கதையைத் தமிழ்நாட்டில் கேளாதவர் குறைவு. தென்பெண்ணையாற்றுக்குள் ஒரு பாறை இருக்கிறது; அதற்குக் கபிலர் குன்று என்று பெயர். பறம்பு மலைத் தலைவன் பாரி இறந்த பிறகு, அவன் நண்பரான கபிலர் பாரியின் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் இங்கே வந்து, நண்பன் இல்லாத உலகில் இருக்க விரும்பாமல் வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது மரபு. பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட செய்தியை வீரட்டேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் சொல்கிறது. ஆற்றில் நீர் குறைவாக இருக்கும் நாளில் பாறை வரை நடந்து போகலாம். தமிழில் நட்புக்கு இதைவிடப் பெரிய நினைவிடம் இல்லை.

அங்கிருந்து உளுந்தூர்பேட்டை வழியாக விருத்தாசலம். மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரர் கோயில் இருக்கிறது. திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடிய தலம். கல்வராயன் மலையில் பார்த்த தண்ணீர் இந்தப் படித்துறையைத் தொட்டுப் போகிறது. கோடையில் மணல்தான் இருக்கும். அந்த மணலையும் அள்ளிவிட்ட இடங்களில் வெறும் களிமண்ணும் சீமைக்கருவேலமும்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு அகன்று உப்பங்கழியாகிக் கடலில் சேர்கிறது. போர்ச்சுகீசியர் வைத்த போர்ட்டோ நோவோ என்ற பெயரால் வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெற்ற துறைமுகம் இது. 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையும் இங்கே மோதின; ஹைதர் தோற்றார். 1830களில் சேலம் பகுதி இரும்புத் தாதைக் கொண்டு வந்து உருக்கிய ஆலை ஒன்றும் இங்கே இயங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இங்கே வெள்ளாற்றங்கரையில்தான் இருக்கிறது. ஆறும் கடலும் கலக்கும் நீரில் வாழும் மீன், நண்டு, இறால் பற்றி இந்தியாவில் நடந்த முக்கியமான ஆய்வுகள் பல இங்கிருந்து வந்தவை.

குளிக்க ஏற்ற மணற்கரை வடக்கே சாமியார்பேட்டையில் உண்டு. முகத்துவாரத்தில் மட்டும் கடலில் இறங்கவே கூடாது. ஆற்று நீரும் கடல் ஏற்றவற்றமும் மோதும் இடத்தில் இழுப்பு எப்போது எந்தப் பக்கம் இருக்கும் என்பதை மீனவர்கள்தான் அறிவார்கள். தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், பிச்சாவரம் அலையாத்திக் காடு ஏறக்குறைய 1,100 எக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது. சுரபுன்னையும் தில்லையும் நிறைந்த கால்வாய்களில் துடுப்புப் படகில் போவது மோட்டார் படகில் போவதைவிட நல்லது, பறவைகள் கலையாது. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆறு கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் இல்லாமல் அலையாத்திக் காடு வாழாது. கல்வராயன் சரிவில் பெய்யும் மழைக்கும் இந்தக் காட்டுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

இந்தப் பயணத்துக்கு மூன்று நாள் போதும் என்றாலும், கையில் நான்கு நாள் இருக்கிறவர்கள் மிஞ்சும் நாளை மலையிலேயே செலவிட வேண்டும். கடற்கரை ஊர்களுக்குப் பிறகும் வந்துகொள்ளலாம். வார நாட்களில் போனால் கூட்டம் இருக்காது, சந்தையும் பள்ளிக்கூடமும் இயங்குவதைப் பார்க்கலாம். திரும்பும் வழியும் சிரமமில்லை: பரங்கிப்பேட்டை ரயில் நிலையம் விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையில் இருக்கிறது, விரைவு ரயில்களுக்குப் பக்கத்தில் உள்ள சிதம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம்.